லாண்டூர்: பார்க்க ஒன்றுமில்லாத மலையூருக்குப் போவது எப்படி?

உத்தராகண்ட் மலையிலுள்ள முசூரிக்குப் போய் வந்தவர்கள் நம்மூரில் நிறையப் பேர். கெம்ப்டி அருவியில் கால் நனைத்து, மால் ரோட்டில் சுட்ட சோளம் கடித்து, கன் ஹில்லுக்கு ரோப் காரில் ஏறி இறங்கி, மறுநாள் ஹரித்வார் பக்கம் போய்விடுவார்கள். அதே முசூரியின் கிழக்கு முனையில், கடைத்தெரு முடிகிற இடத்திலிருந்து ஒரு சாலை செங்குத்தாக மேலே ஏறுகிறது. அதில் இரண்டு மூன்று கிலோமீட்டர் போனால் லாண்டூர். தேவதாரு மரங்கள், நான்கு டீக்கடைகள், பழைய தேவாலயங்கள், ஒரு கல்லறைத் தோட்டம், எல்லாவற்றையும் சுற்றி வர ஒரு பாதை. ஊர் அவ்வளவுதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "அங்கே என்னென்ன இடம் பார்க்கலாம்?" என்று பட்டியல் கேட்பவர்களுக்கு லாண்டூர் ஒத்துவராது. காலையில் டாக்ஸியில் வந்து ஒரு தட்டு மேகி சாப்பிட்டு, நான்கு படம் எடுத்துக்கொண்டு, "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்று முணுமுணுத்தபடி இறங்குகிறவர்களை அங்கே தினமும் பார்க்கலாம். நானும் முதல் தடவை அப்படித்தான் இறங்கினேன். இரண்டு இரவாவது தங்கி, காலையும் மாலையும் நடந்தால்தான் இந்த ஊர் பிடிபடும். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த இரண்டு இரவுக்கான ஏற்பாடுதான்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம்

1825-ல் கேப்டன் ஃபிரெடரிக் யங் என்ற அயர்லாந்துக்காரர் இந்த மலைமேல் முதல் வீட்டைக் கட்டினார். கூர்க்கா படைப்பிரிவு ஒன்றை உருவாக்கியவர் அவர். வீட்டுக்கு மலிங்கார் என்று அயர்லாந்திலுள்ள ஓர் ஊரின் பெயரை வைத்தார். பஜாரிலிருந்து மேலே ஏறும் செங்குத்தான வளைவுக்கு இன்றைக்கும் அந்தப் பெயர்தான். இரண்டு வருடம் கழித்து, 1827-ல், சமவெளியில் காய்ச்சலிலும் வெயிலிலும் சுருண்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள் உடம்பு தேறுவதற்காக இங்கே ஒரு முகாம் வந்தது. ஆக, லாண்டூர் பிறந்ததே நோயாளிகள் ஓய்வெடுக்கத்தான். செவிலியர்கள் தங்கியிருந்த பகுதிக்கு சிஸ்டர்ஸ் பஜார் என்று பெயர் வந்ததும் அதனால்தான். லாண்டூர் என்ற பெயர் வேல்ஸ் நாட்டுச் சிற்றூர் ஒன்றின் பெயரிலிருந்து திரிந்தது. உள்ளூர்க்காரர்கள் அதை மேலும் திருப்பி "லண்டௌர்" என்பார்கள். வழி கேட்கும்போது அப்படிக் கேட்டால் சட்டென்று புரியும்.

படை போனாலும் கன்டோன்மென்ட் (ராணுவக் குடியிருப்பு) போகவில்லை. ஊரின் மேல்பகுதி முழுக்க இன்றும் கன்டோன்மென்ட் எல்லைக்குள் இருக்கிறது. புதுக் கட்டடம் எழுப்புவதும் மரம் வெட்டுவதும் அங்கே அத்தனை லேசில் நடக்காது. கீழே முசூரி மலைச்சரிவு முழுக்க ஐந்து மாடி ஓட்டல்கள் முளைத்திருக்க, மேலே மட்டும் காடு காடாகவே இருப்பதற்கு இந்தக் கெடுபிடிதான் காரணம். அமைதியைத் தேடிப் போகிறவர்கள் அந்தச் சட்டப்புத்தகத்துக்கு ஒரு கும்பிடு போடலாம்.

எப்போது போவது

லாண்டூரின் உயரம் சுமார் 2,250 மீட்டர். நம் ஊட்டியும் ஏறக்குறைய அதே உயரம். "ஊட்டிதானே, ஒரு ஸ்வெட்டர் போதும்" என்று கிளம்பிவிடாதீர்கள். ஊட்டி 11 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. இது 30 டிகிரிக்கு மேல். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை எந்த நாளும் பனி விழலாம், விழாமலும் போகலாம். இரவுக் குளிர் பூஜ்யத்தை ஒட்டி வந்துவிடும். ஏப்ரலில்கூட வெயில் மறைந்த பத்தாவது நிமிடம் காது மடல் சில்லிடும். உயரம் நமக்குப் பழகினதுதான் என்பதால் மூச்சுத் திணறல், தலைவலி என்று பெரும்பாலோருக்கு எதுவும் வராது. ஏற்றத்தில் மட்டும் இளைக்கும்.

என் கணக்கில் சிறந்த காலம் அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை. மழை கழுவிவிட்ட வானம், வடக்கே பனிமலை தெளிவாக நிற்கும், மாலையில் வின்டர்லைன் தெரியும் (அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்). அதற்கடுத்தபடி மார்ச். புரான்ஸ் என்று உள்ளூரில் சொல்லும் ரோடோடென்ட்ரான் மரங்கள் அப்போது செக்கச்செவேலென்று பூத்திருக்கும். மே, ஜூனில் டெல்லியே மேலே ஏறி வந்துவிடும், வேண்டாம். ஜூலையிலிருந்து செப்டம்பர் பாதிவரை பேய்மழை. சாலை சரியும், அட்டை கடிக்கும், எதிரே நிற்பவர் முகம் மூடுபனியில் மறையும். அந்த மூடுபனியை விரும்பி வருகிறவர்களும் உண்டு. அவர்கள் திரும்பும் தேதியை இறுக்கமாக வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

மாதத்தைவிடக் கிழமை முக்கியம். சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். நான் முதல் தடவை போனது ஜூன் மாதத்துச் சனிக்கிழமை. ஒரு வண்டி போகும் அகலத்துச் சாலையில் மேலேயும் கீழேயும் கார்கள் மூக்கோடு மூக்கு வைத்து நின்றன. எங்கள் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் போய் டீ குடித்து, திரும்பி வந்து, மறுபடி போய் இன்னொரு டீ குடித்தார். திங்கள்கிழமை மதியம் ஏறி புதன் காலை இறங்குகிற மாதிரி திட்டம் போடுங்கள். ஒரே சாலை, ஒரே ஊர், ஆனால் வேறு உலகம்.

டேராடூன் வரை

சென்னையோ மதுரையோ, பெரும்பாலும் டெல்லி வழியாகத்தான் போக வேண்டியிருக்கும். டெல்லியிலிருந்து டேராடூன் 250 கிலோமீட்டர் சுமாருக்கு. ரயிலில் மூன்று வழி: காலையில் சதாப்தி, ஆனந்த் விஹாரிலிருந்து வந்தே பாரத், இரவில் நந்தா தேவி எக்ஸ்பிரஸ். நான் சொல்வது நந்தா தேவி. படுத்துத் தூங்கி எழுந்தால் விடியும்போது டேராடூன். மலையேற முழுப் பகலும் கையில் இருக்கும். விமானத்தில் போகிறவர்கள் ஜாலி கிரான்ட் நிலையத்தில் இறங்குவார்கள். அது ஊரிலிருந்து தள்ளி இருக்கிறது. முசூரிக்கு அங்கிருந்து 60 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம் எடுக்கும்.

முசூரிக்கு வரும் பயணிகள் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்ற ஏற்பாட்டை உத்தராகண்ட் சுற்றுலாத் துறை 2025-ல் கொண்டு வந்தது. கிளம்பும் முன் அந்தத் துறையின் தளத்தில் ஒருமுறை பார்த்து, பதிவைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். தங்குமிடத்திலும் இதைக் கேட்டு வைக்கலாம்.

டேராடூனிலிருந்து மேலே: ஒரே ஒரு எச்சரிக்கை

டேராடூன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே மலைப் பேருந்து நிலையம் இருக்கிறது. முசூரிக்கு 35 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. இங்கேதான் புதியவர்கள் தவறு செய்வார்கள். முசூரிக்கு இரண்டு முனை உண்டு. மேற்கே லைப்ரரி, அதாவது காந்தி சௌக். கிழக்கே பிக்சர் பேலஸ். இரண்டுக்கும் நடுவில் மால் ரோடு, சுமார் இரண்டு கிலோமீட்டர். பேருந்துகளில் சில லைப்ரரிக்கும் சில பிக்சர் பேலஸுக்கும் போகும். லாண்டூருக்குப் போகிறவர்கள் ஏற வேண்டியது பிக்சர் பேலஸ் வண்டியில். டிக்கெட் வாங்கும்போது "முசூரி" என்று மட்டும் சொன்னால் எது முதலில் கிளம்புகிறதோ அதில் ஏற்றிவிடுவார்கள். நான் அப்படி ஏறி லைப்ரரியில் இறங்கி, சக்கரம் வைத்த பெட்டியை மால் ரோடு முழுக்க இழுத்துக்கொண்டு போனேன். பாதி வழியில் ஒரு சக்கரம் கழன்று ஓடியது. குதிரைக்காரச் சிறுவன் ஒருவன் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தான்.

பேருந்தில் இடம் இல்லாவிட்டால் நிலையத்து வாசலிலேயே பங்கு டாக்ஸி கிடைக்கும். சாலை நெடுக ஊசி வளைவுகள். வாந்தி வருகிறவர்கள் வயிறு நிறையப் பூரி தின்றுவிட்டு ஏறாதீர்கள். முன் சீட், திறந்த ஜன்னல், வாயில் அடக்க ஒரு புளிப்பு மிட்டாய். "தோடா தீரே, பையா" (கொஞ்சம் மெதுவாக, தம்பி) என்ற ஒரு வரி இந்தி தெரிந்திருந்தால் டிரைவர் இரண்டு வளைவுக்காவது கேட்பார்.

கடைசி மூன்று கிலோமீட்டர்

பிக்சர் பேலஸிலிருந்து மேலே போக டாக்ஸி கிடைக்கும். மூட்டை முடிச்சோடு இருக்கிறீர்கள் என்றால் யோசிக்காமல் அதில் ஏறுங்கள். ஆனால் மறுநாளாவது ஒருமுறை அந்த வழியை நடந்தே ஏறிப் பாருங்கள்.

வழி லாண்டூர் பஜார் ஊடாகப் போகிறது. மணிக்கூண்டு தாண்டினதும் தெரு குறுகிவிடும். மால் ரோடு சுற்றுலாக்காரர்களுக்கு, இது ஊர்க்காரர்களுக்கு. தையல்காரர், பித்தளைப் பாத்திரம், வெல்லம், கம்பளி, பழைய சாமான் கடை. வாசலில் உட்கார்ந்து வெயில் காய்கிற கிழவர்கள் நீங்கள் ஏறுவதைப் பார்த்து "ராம் ராம்" என்பார்கள். திருப்பிச் சொல்ல உங்களிடம் மூச்சு இருக்காது, தலையாட்டினால் போதும். கோவேறு கழுதைகள் சிமென்ட் மூட்டையோடு வரும். அப்போது சுவர்ப்பக்கம் ஒதுங்க வேண்டும், பள்ளத்துப் பக்கம் அல்ல. மலிங்கார் வளைவைத் தாண்டினால் கடைகள் நின்று மரங்கள் தொடங்கும். காற்றில் தேவதாருவின் பிசின் வாசனை வருகிற இடம்தான் லாண்டூரின் எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே தங்குவது

கன்டோன்மென்டுக்குள் தங்குமிடங்கள் விரல்விட்டு எண்ணிவிடலாம். பழைய பங்களாக்களை ஓட்டலாக்கி வைத்திருப்பவை விலை அதிகம். ஹோம்ஸ்டேக்கள் சில உண்டு, சீக்கிரம் நிரம்பிவிடும். கை கடிக்கிறது என்றால் லாண்டூர் பஜாரிலோ பிக்சர் பேலஸ் பக்கமோ அறை எடுத்துக்கொண்டு தினமும் ஏறி இறங்கலாம். முட்டி நன்றாக இருப்பவர்களுக்கு அது மோசமான ஏற்பாடு இல்லை. ஆனால் விடிகாலையும் இரவும் மேலே இருப்பதுதான் லாண்டூர், அதை இழந்துவிடுவீர்கள்.

எதை எடுத்தாலும் பணம் கட்டும் முன் போனில் மூன்று கேள்வி கேளுங்கள். சாலையிலிருந்து அறைக்கு எத்தனை படி? இங்கே பாதி வீடுகள் சாலைக்குக் கீழே சரிவில் தொங்குகின்றன. "சாலைக்குப் பக்கத்திலேயே" என்று சொன்ன ஒரு விடுதியில் நான் எண்பத்தேழு படி எண்ணியிருக்கிறேன், இறங்கும்போது அல்ல, ஏறும்போது. இரண்டாவது, ஹீட்டர் வாடகையில் சேர்த்தியா, தனியா? பல இடங்களில் ஒவ்வோர் இரவுக்கும் தனிக் காசு. மூன்றாவது, வெந்நீர் எப்போது வரும்? கோடையில் முசூரி மலைக்கே தண்ணீர்த் தட்டுப்பாடு உண்டு. ஒரு வாளி "கரம் பானி" கிடைத்தால் அதுவே சுகம் என்று இருங்கள், கால் மணி நேரம் ஷவரைத் திறந்து வைக்காதீர்கள்.

பையில் இருக்க வேண்டியவை: பிடிமானமுள்ள ஷூ, காதை மூடும் குல்லாய், டார்ச், கொஞ்சம் ரொக்கம். கைப்பேசி சிக்னல் மரத்துக்கு மரம் மாறும், டீக்கடையில் ஜிபே சுற்றிக்கொண்டே இருக்கும்.

சக்கர்: ஊரின் நாடி

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். நடுவில் சார் துக்கான். "நான்கு கடை" என்று அர்த்தம், சிப்பாய்களுக்காக முளைத்த கடைகள். பக்கத்திலேயே மஞ்சள் பூசிய செயின்ட் பால்ஸ் தேவாலயம். கட்டி முடித்து 1840-ல் அர்ச்சித்தார்கள். வேட்டைக்காரரும் காட்டுயிர் காவலருமான ஜிம் கார்பெட்டின் பெற்றோருக்குக் கல்யாணம் நடந்தது இங்கேதான், 1859-ல். இந்த இடத்திலிருந்து மலையுச்சியைச் சுற்றி எட்டு என்ற எண் போல ஒரு பாதை வளைந்து வந்து தொடங்கிய இடத்திலேயே விடுகிறது. அதற்குப் பெயர் சக்கர். மூன்று கிலோமீட்டர் சுமாருக்கு, பெரிய ஏற்றம் கிடையாது. உடம்பு தேறும் சிப்பாய்களை நடக்கவைக்கத் தோதான பாதை. அதனால் அறுபது வயதுக்காரரும் நடக்கலாம். வழி தவறவும் முடியாது, தவறினாலும் டீக்கடைக்கே வந்து சேருவீர்கள்.

காலை ஆறரைக்கு இறங்குங்கள். டாக்ஸிகள் பத்து மணிக்கு மேல்தான் வரும். அதுவரை பாதை உங்களுடையது. கொஞ்ச தூரம் நடந்ததும் ஒன்று கவனிப்பீர்கள். பாதையின் தெற்குப் பக்கம் டூன் பள்ளத்தாக்கைப் பார்த்திருக்கிறது; அங்கே வெயில், காய்ந்த புல், சட்டைப் பொத்தானைக் கழற்றத் தோன்றும். ஒரு வளைவு திரும்பினால் வடக்குப் பக்கம். சட்டென்று ஈரம். கல்சுவர் முழுக்கப் பாசி, மரத்தண்டில் தொற்றிய பெரணி, பாதையோரப் புல்லில் டிசம்பர் மாதம் மதியம்வரை உருகாத உறைபனி. கையை வைத்தால் சுவர் ஐஸ்கட்டி. இருபது அடி இடைவெளியில் இரண்டு பருவம். காரில் சுற்றுகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

வடக்குப் பக்கம்தான் பனிமலைகள். லால் டிப்பா என்ற மேட்டில் ஒரு கடை மாடியில் தொலைநோக்கி வைத்திருக்கிறார்கள், காசு கொடுத்து ஏறலாம். என்னைக் கேட்டால் வேண்டாம். கொஞ்சம் தள்ளி மரங்கள் விலகுகிற இடத்தில் நின்றால் அதே மலைகள் இலவசம். பந்தர்பூஞ்ச், 6,316 மீட்டர். பெயருக்கு "குரங்கின் வால்" என்று பொருள், அனுமனோடு சேர்த்துக் கதை சொல்வார்கள். பக்கத்தில் ஸ்வர்கரோஹிணி, பாண்டவர்கள் கடைசியில் சொர்க்கத்துக்கு ஏறிய வழி என்று நம்பிக்கை. கிழக்கே கேதார்நாத் பக்கத்துச் சிகரங்கள். சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரம் தெளிவாகத் தெரியும். ஒன்பது மணிக்கு மேகம் கிளம்பிவிட்டால் அன்றைய கணக்கு முடிந்தது. அதற்குத்தான் ஆறரை என்றேன்.

வழியில் கல்லறைத் தோட்டம் வரும். பெரும்பாலும் பூட்டியிருக்கும். வேலிக்கு வெளியே நின்று பார்த்தாலே போதும், தேவதாருக்களுக்கு அடியில் படிப்படியாக இறங்கும் பழைய கற்கள். கேட்டைத் தாண்டிக் குதிப்பது போன்ற சாகசமெல்லாம் வேண்டாம்.

அடுத்து கெல்லாக் நினைவு தேவாலயம், 1903-ல் கட்டியது. சாமுவேல் கெல்லாக் அமெரிக்க மிஷனரி. இந்திக்கு இலக்கணம் எழுதியவர். 1899-ல் இதே லாண்டூரில் சைக்கிளிலிருந்து சரிவில் விழுந்து இறந்துபோனார். இன்றும் இந்தத் தேவாலயக் கட்டடத்தில்தான் லாண்டூர் மொழிப் பள்ளி நடக்கிறது. மிஷனரிகளுக்காகத் தொடங்கிய பள்ளி, இப்போது உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்து இந்தியும் உருதும் படிக்கிறார்கள். ஒரு நாள் அந்தப் பக்கம் நடக்கும்போது ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி பால்காரரிடம் சுத்தமான இந்தியில் பால் தண்ணியாக இருப்பதாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற எனக்கு "பானி" என்ற ஒரு சொல்தான் புரிந்தது. பால்காரர் என்னைப் பார்த்து இந்தியில் நியாயம் கேட்க, நான் சிரித்து வைத்தேன்.

அங்கிருந்து சிஸ்டர்ஸ் பஜார். பெயர்தான் பஜார், கடைகள் இரண்டு மூன்று. பிரகாஷ் கடையில் வேர்க்கடலை வெண்ணெயும் பழ ஜாமும் வாங்காமல் யாரும் திரும்புவதில்லை. மலைமேல் வேர்க்கடலை வெண்ணெய் எப்படி வந்தது என்றால், அதுவும் அமெரிக்க மிஷனரிகள் விட்டுப்போன ருசிதான். பேக்ஹவுஸ் ஒன்றும் உண்டு. காலை கூட்டம் வருமுன் போனால் ஜன்னலோரம் இடம் கிடைக்கும்.

இவ்வளவையும் சுற்றி முடிக்க ஒரு மணி நேரம் போதும். நின்று நின்று போனால் மூன்று மணி நேரம். மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். மாலையில் மறுபடி, இந்தத் தடவை எதிர்த்திசையில். அதே பாதை என்று நம்பவே மாட்டீர்கள்.

சாப்பாடு

சார் துக்கானில் பன் ஆம்லெட், பான்கேக், மேகி, இஞ்சி எலுமிச்சை தேன் போட்ட சூடான பானம். மூன்றாவது நாள் நமக்கு நாக்கு சோறு கேட்கும். முசூரிக்கு இறங்கினால் மோமோவும் துக்பாவும் (திபெத்திய நூடுல்ஸ் சூப்) நன்றாக இருக்கும். திபெத்தியர்கள் இங்கே பழைய குடிகள்; 1959-ல் தலாய் லாமா இந்தியாவுக்கு வந்ததும் தர்மசாலாவுக்குப் போகுமுன் தங்கியது முசூரியில்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது கட்வாலிச் சாப்பாடு. ஓட்டல் மெனுவில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. ஹோம்ஸ்டேயில் முதல் நாளே "பஹாடி கானா" (மலைச் சாப்பாடு) என்று சொல்லி வையுங்கள். மண்டுவா ரொட்டி வரும், கறுத்த நிறத்தில். கடித்ததும் தெரிந்துவிடும், நம் கேழ்வரகு. ஜங்கோரா என்று ஒரு பாயசம் கொண்டு வருவார்கள், அது குதிரைவாலி. கஹத் என்ற பருப்புக் குழம்பு வாசனையே ஊரைக் கூப்பிடும், கொள்ளு! மலைமேல் குளிருக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் நல்லது என்று அந்த வீட்டு அம்மா சொன்னபோது, என் பாட்டி சொன்னதை யாரோ இந்தியில் மொழிபெயர்த்த மாதிரி இருந்தது. சுடச்சுட ரொட்டி, மேலே உருகும் வெள்ளை வெண்ணெய், ஓரத்தில் பச்சை மிளகாய் அரைத்த உப்பு. இதற்குமேல் ஒரு பருப்புப்பொடிப் பொட்டலம் பையில் இருந்தால் நல்லது, வெட்கப்பட ஒன்றுமில்லை.

வின்டர்லைன்

அக்டோபர் பிற்பாதியிலிருந்து ஜனவரி வரை போகிறவர்களுக்கு மட்டும். சூரியன் மறைவதற்குக் கால் மணி நேரம் முன்னால், மேற்கு வானம் தடையில்லாமல் தெரியும் ஓர் இடம் பிடித்து உட்காருங்கள். சூரியன் அடிவானத்தில் மறையாது. அடிவானத்துக்கு மேலேயே, ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரு நேர்கோடு இருக்கும், அதற்குள் போய் மறையும். கோட்டுக்கு மேலே மஞ்சளும் ஆரஞ்சும், கீழே சாம்பல் கலந்த ஊதா. குளிர்காலத்தில் பள்ளத்தாக்கின் மேல் குளிர்ந்த காற்று தேங்கி, சமவெளியின் தூசியும் புகையும் அதற்குள் மூடி போட்ட சட்டியில் மாட்டின மாதிரி நின்றுவிடுகிறது. அந்த மூடியின் விளிம்புதான் கோடாகத் தெரிகிறது. "சுவிட்சர்லாந்திலும் இங்கேயும்தான் சார் தெரியும்" என்று டாக்ஸிக்காரர் சொல்வார். மறுத்து வாதாட வேண்டியதில்லை, கோட்டைப் பாருங்கள். சூரியன் போனபிறகும் அரை மணி நேரம் நிறம் மாறிக்கொண்டே இருக்கும், உடனே எழுந்துவிடாதீர்கள். பிறகு கீழே டேராடூன் விளக்குகள் கொத்துக் கொத்தாக எரியத் தொடங்கும்.

ஒரே ஒரு வெளிப்பயணம்

கெம்ப்டி அருவியை விட்டுவிடுங்கள். ஒரு மதியம் ஒதுக்க முடியுமானால் லைப்ரரி முனையிலிருந்து மேற்கே ஆறு கிலோமீட்டர் சுமாரிலுள்ள ஜார்ஜ் எவரெஸ்ட் வீட்டுக்குப் போங்கள். பார்க் எஸ்டேட் என்று பெயர். 1830 முதல் 1843 வரை இந்தியாவின் சர்வேயர் ஜெனரலாக இருந்தவர் வாழ்ந்த இடம். சிகரத்துக்கு அவர் பெயரை 1865-ல் வைத்தார்கள்.

நம் ஆட்களுக்கு இந்த வீட்டில் தனியாக ஒரு சம்பந்தம் உண்டு. எவரெஸ்ட் பிற்பாடு தலைமையேற்று நடத்திய, நாடு முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த அந்தப் பெரிய நில அளவை, வில்லியம் லாம்ப்டன் தலைமையில் 1802-ல் தொடங்கியது சென்னை பரங்கிமலையடியில். கோணம் அளக்கும் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றப் போய், கயிறு விட்டு, அது மோதி நசுங்கி, லாம்ப்டன் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு தானே உட்கார்ந்து சரிசெய்தார். குமரியிலிருந்து வடக்கே ஏறிய அந்த அளவைக் கோடு வந்து முட்டியது இந்த மலையடிவாரத்தில்தான். பரங்கிமலை ரயில் நிலையத்தைத் தினமும் கடக்கிறவர்களுக்கு இங்கே நின்று பனிமலையைப் பார்க்கும்போது கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும்.

சில ஊர் வழக்கங்கள்

குரங்கு இரண்டு வகை. கறுப்பு முகத்து லங்கூர் சாது. சிவந்த முகத்துக்காரர்தான் கையில் பிளாஸ்டிக் பையைக் கண்டால் விடமாட்டார். பையைத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள், கண்ணுக்குக் கண் முறைக்காதீர்கள்.

இருட்டினபிறகு காட்டுப்பாதையில் தனியாக நடக்க வேண்டாம், சிறுத்தை நடமாட்டம் உண்டு. நாயோடு போகிறவர்களுக்கு இன்னும் கூடுதல் எச்சரிக்கை.

கன்டோன்மென்ட் என்பதால் டிரோன் பறக்கவிடாதீர்கள். பழைய ராணுவ மருத்துவமனை இருந்த இடத்தில் இப்போது பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அந்த வாசலில் கேமராவைத் தூக்காதீர்கள். வுட்ஸ்டாக் பள்ளி 1854-லிருந்து இருக்கிறது, அழகாகவும் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடம், சுற்றுலாத் தலம் இல்லை. ஆங்கிலத்தில் எழுதும் மூத்த எழுத்தாளர் ஒருவர் இந்த ஊர்க்காரர். அவர் கதைகளைப் படித்து வளர்ந்த பாசத்தில் வீட்டைத் தேடிப்போய்க் கதவு தட்டுகிற கூட்டம் ஒன்று உண்டு. பாவம், அவருக்கும் தூக்கம் வேண்டும்.

மருத்துவ உதவி தேவைப்பட்டால் லாண்டூர் கம்யூனிட்டி மருத்துவமனை இருக்கிறது. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை மட்டும் ஊரிலிருந்தே கொண்டு போங்கள்.

இறங்கும் நாள்

ரயில் மாலையில்தானே என்று மதியம்வரை இருக்காதீர்கள். காலைச் சாப்பாடு முடிந்ததும் இறங்கிவிட்டால் மேலே வரும் வண்டிகளின் நெரிசலில் மாட்ட மாட்டீர்கள். டேராடூனில் நேரம் மிச்சமிருந்தால் பல்டன் பஜாரில் சுற்றலாம், பாஸ்மதி அரிசி வாங்கலாம்.

விமானத்தில் திரும்புகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. பிரகாஷ் கடை வேர்க்கடலை வெண்ணெயைக் கைப்பையில் வைக்காதீர்கள், பெட்டிக்குள் துணி சுற்றி வையுங்கள். பாதுகாப்புச் சோதனையில் அதைத் திரவத்தோடு சேர்த்துக் கணக்கு வைப்பார்கள். முதல் தடவை நான் வாங்கிய பெரிய பாட்டில் வீடு வந்து சேரவில்லை. சோதனைக்காரர் அதை எடுத்து ஓரமாக வைத்தபோது, அங்கே ஏற்கெனவே அதே லேபிளோடு நான்கு பாட்டில் வரிசையாக நின்றுகொண்டிருந்தது.